இரண்டு முறை பூசிய சாயம்

"கை நீட்டம்மா" என்று அந்த டீச்சரம்மா கன்னடத்தில் சொன்னார். இடது கையை நீட்டினேன்.

ஈஜிபுராவில் ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பறை அது. குட்டி பெஞ்சுகளைச் சுவரோரமாக அடுக்கியிருந்தார்கள். சுவரில் பழங்களின் படம். மேஜைமேல் மணல் நிரப்பிய டப்பாவில் ஓட்டு மை பாட்டிலைச் செருகி வைத்திருந்தார்கள். டீச்சரம்மா குச்சியை மையில் தொட்டு எடுத்தார். என் விரலைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

என் சுட்டுவிரல் நகத்திலிருந்து இரண்டாவது கணு வரை பளிச்சென்று ஊதா நிறத்தில் இருந்தது.

விரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் விரலைப் பார்த்தார். குச்சி பாட்டிலுக்குள் திரும்பிப் போனது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த விரல் வருடம் முழுவதும் அப்படித்தான் இருக்கும். மூக்குத்தி போட்டவளுக்குத் தன் மூக்குத்தி கண்ணில் படாத மாதிரி, எனக்கு அந்த ஊதா கண்ணில் படுவதே இல்லை.

வாய்ப்புண் மருந்து

போன வாரம் வீட்டுப் பட்டறையைப் பற்றி எழுதியதும், "அது என்ன பட்டறை, அப்பளமா ஊறுகாயா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இரும்புப் பட்டறை அம்மா. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. வேலை பார்த்த கம்பெனி மூடிய பிறகு, வாடகை வீட்டின் துணி துவைக்கும் இடத்துக்கு மேல் ஷீட் போட்டு, ஒரு ட்ரில்லிங் மெஷினையும் தகட்டை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சின்னக் கம்பெனிகள் தகடுகளை அனுப்புவார்கள். எங்கெங்கே ஓட்டை வர வேண்டுமோ அங்கே குறித்து, ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும்.

குறிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெள்ளையாகத் தேய்த்த இரும்பில் ஊசியால் கோடு கிழித்தால் கண்ணுக்கே தெரியாது. டியூப் லைட் வெளிச்சம் வேறு தகட்டில் பட்டுக் கண் கூசும். அதனால் முதலில் அடர்த்தியான நிறம் ஒன்றைப் பூசிக் காயவிட வேண்டும். அதற்கு மேல் ஊசியை இழுத்தால் நிறம் உரிந்து அடியில் இருக்கும் இரும்பு மின்னும். மயிரிழைக் கோடுகூடத் தெளிவாகத் தெரியும்.

கடையில் இதை மார்க்கிங் ப்ளூ என்று விற்பார்கள். எனக்கு அது பிடிக்காது, சில நாளில் உறைந்துவிடும். நானே கலக்குவேன். ஸ்பிரிட், மரச்சாமான் பாலிஷுக்கு வாங்குகிற சில்லு அரக்கு, கடைசியாகக் குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்து. மருந்தைத் தூளாக வரவழைத்துத் தரச் சொல்லி மெடிக்கல் ஷாப்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருமுறை கேட்டேவிட்டார். "ஏம்மா, வீட்ல யாருக்கு இவ்ளோ வாய்ப்புண்ணு?"

"இரும்புக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்டதில்லை.

தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக் கூடாது. பிரஷ்ஷை ஒரே போக்கில் இழுக்க வேண்டும், திரும்பி வந்தால் திட்டுத் திட்டாகிவிடும். ஒரேயடியாகத் தடிமனாகப் பூசினால் கோடு கிழிக்கும்போது பொருக்காகப் பெயரும். அதனால் மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று. காய்ந்ததா என்று தெரிய எனக்கு ஒரே வழிதான். வலது கையில் பிரஷ் இருக்கும், இடது சுட்டுவிரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பேன். பாதி நேரம் காய்ந்திருக்காது.

இதை நான் சாயம் என்றுதான் சொல்வேன். எங்கள் ஊர் குடியாத்தம். லுங்கிக்கு நூல் சாயம் போடுகிற தெருவில் வளர்ந்தவள் நான். நிறம் ஏற்றுகிற எதுவும் எனக்குச் சாயம்தான்.

எந்த ஊர்க்காரி

அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. ஓட்டுப் பெட்டி போய் மெஷின் வந்த புதிது. ஆனால் நான் அதுவரை பெட்டியையும் பார்த்ததில்லை, மெஷினையும் பார்த்ததில்லை.

ஊரில் ஓட்டர் லிஸ்ட்டில் என் பெயர் வந்த வருடம் டைபாய்டில் படுத்திருந்தேன். அடுத்த தேர்தல் வருவதற்குள் கல்யாணமாகி பெங்களூர் வந்துவிட்டேன். அங்கே பெயரை எடுத்துவிட்டார்கள். இங்கே வீடு மாறும்போதெல்லாம் யாரோ வந்து எழுதிக்கொண்டு போவார்கள், பெயர் மட்டும் வராது. பெங்களூரில் எந்த ஊர் என்று கேட்டால் குடியாத்தம் என்பேன். குடியாத்தம் போனால் "பெங்களூர்க்காரி வந்துட்டா" என்பார்கள். எனக்கென்று ஓர் ஊர் வேண்டும் என்று ஏக்கமாகவே இருந்தது. ஓட்டுப் போட்டுவிட்டால் இதுதான் என் ஊர் என்று சொல்லிக்கொள்ளலாம் என நினைத்திருந்தேன்.

அந்த முறை என் பெயர் வந்துவிட்டது. என் கணவர் சேகரின் பெயர் வரவில்லை.

"வுடு, வூட்டுக்கு ஒரு ஓட்டு. ரெண்டு பேருக்கும் சேத்து நீயே போட்டுட்டு வா" என்றார் சேகர். கூரியர் ஆபீசில் வேலை அவருக்கு, எதையும் சீக்கிரம் டெலிவரி செய்துவிட்டு மறந்துவிடுகிற சுபாவம். ஆனால் யாருக்குப் போடுவது என்பதில் மட்டும் ஒரு வாரம் என்னோடு மல்லுக்கு நின்றார். கடைசியில் "உன் ஓட்டு, உன் இஷ்டம்" என்று இறங்கி வந்தார்.

இன்னொருவரும் இருந்தார், எங்கள் வீட்டுக்காரம்மா கௌரம்மா. மாடியில் அவர் குடும்பம், கீழே எங்களைப் போல வாடகைக்கு இருப்பவர்கள். துவைக்கும் கல்லெல்லாம் ஊதாவாகிறது என்று தினமும் என்னைத் திட்டுவார், திட்டிக்கொண்டே ரசம் கொடுத்தனுப்புவார். தேர்தலுக்கு முன்னால் கீழே இறங்கி வந்து, "நம்ம காம்பவுண்டு ஓட்டெல்லாம் ஒந்தே கடே, கொத்தாய்த்தா?" என்றார். எல்லா ஓட்டும் ஒரே பக்கம் விழ வேண்டும், தெரிந்ததா என்கிறார். பக்கம் எது என்றும் சொன்னார்.

நான் தலையை ஆட்டினேன். வாடகைக்கு இருப்பவளுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? ஆனால் என் மனதில் இருந்தவர் வேறு ஆள்.

'ம்' போனால் கன்னடம்

எட்டு வருடம் இருந்தும் என் கன்னடம் அரைகுறைதான். ஆனால் என்னிடம் ஒரு சூத்திரம் இருந்தது. தமிழ் வார்த்தையின் கடைசி 'ம்' எழுத்தைக் கழற்றிவிட்டால் கன்னடம் ஆகிவிடும். மரம் என்றால் மர. முகம் என்றால் முக. காலம் என்றால் கால. காய்கறிக்காரரிடமும் கண்டக்டரிடமும் இந்தச் சூத்திரத்தை வைத்தே காலத்தை ஓட்டியிருக்கிறேன்.

ஓட்டுப் போடப் போகும்போது ஒரு தீர்மானத்தோடு போனேன். உள்ளே ஒரு வார்த்தை தமிழ் பேசக் கூடாது. இந்த ஊர்க்காரியாக ஓட்டுப் போடப் போகிறவள் இந்த ஊர்ப் பேச்சைப் பேச வேண்டாமா?

சாயங்காலம் கொடுக்க வேண்டிய தகடு ஒன்று இருந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு வருவதற்குள் காயட்டும் என்று காலையிலேயே சாயம் பூசினேன். தொட்டுப் பார்த்தேன், இன்னொரு பூச்சும் பூசினேன், அதையும் தொட்டுப் பார்த்தேன். கை கழுவிக்கொண்டு பட்டுப்புடவை கட்டிக் கிளம்பினேன். அது தண்ணீரில் போகிற சாயம் இல்லை. துணைக்கு வந்த சேகர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். வரிசையில் எனக்குப் பின்னால் கௌரம்மா நின்றார்.

"எரடு சல ஹாக்தே"

"ஏனம்மா இது?" என்றார் டீச்சரம்மா. என்ன இது என்கிறார். தும்கூர்ப் பக்கத்து ஆள் போலிருந்தது, தமிழ் வாடையே இல்லை.

சாயம் என்று சொல்ல வேண்டும். சூத்திரம் இருக்கவே இருக்கிறது.

"சாய, மேடம்."

"ஷாயினா?"

"ஹௌது மேடம், சாய." ஆமாம் என்று பெரிதாகத் தலையாட்டினேன். புரிந்துகொண்டாரே என்று எனக்குச் சந்தோஷம்.

"யாவாக ஹாக்கித்து?" எப்போது போட்டது என்று கேட்கிறார்.

"பெளிக்கே. மனேலி." காலையில், வீட்டில்.

"யாரு ஹாக்கித்து?"

"நானே ஹாக்தே, மேடம்." நானேதான் போட்டேன். இதோடு விட்டிருக்கலாம். முழுசாகச் சொன்னால்தானே மரியாதை என்று இரண்டு விரலைக் காட்டி, "எரடு சல ஹாக்தே" என்றேன். இரண்டு தடவை போட்டேன்.

வரிசையில் நின்றவர்களெல்லாம் என் விரலை எட்டிப் பார்த்தார்கள்.

கன்னடத்தில் ஷாயி என்றால் மை. அதிலும் ஓட்டுக்கு வைக்கிற மைக்கு அதுதான் பெயர். நமக்குப் போடுவது எப்படியோ அவர்களுக்கு ஹாக்குவது அப்படி. சாயத்தையும் ஹாக்கலாம், ஓட்டையும் ஹாக்கலாம். இதெல்லாம் கௌரம்மா எனக்குப் பிற்பாடு சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் நல்ல கன்னடத்தில் உண்மையைச் சொல்லச் சொல்ல டீச்சரம்மாவின் முகம் கறுத்துக்கொண்டே போனது என்பதுதான். என்ன தப்பாகச் சொன்னேன் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அதனால் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்.

ஓரத்தில் கட்சி ஏஜென்ட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து நின்றார். இவர்கள் தமிழ்நாட்டில் ஒன்று போட்டுவிட்டு இங்கே இன்னொன்று போட வருகிறார்கள், அவளே ஒப்புக்கொள்கிறாளே, வெளியே அனுப்புங்கள் என்றார். அது மட்டும் எனக்கு நன்றாகவே புரிந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கன்னடம் பறந்துவிட்டது. "எங்க ஊர்ல இன்னும் எலெக்‌ஷனே நடக்கல சார். அங்க எப்படிப் போட்டுட்டு வருவேன்?" என்று தமிழில் கேட்டேன். அந்த அறையில் தமிழ் நன்றாகத் தெரிந்த ஆள் அந்த ஏஜென்ட் ஒருவர்தான். அவர் புரியாத மாதிரி ஃபேனைப் பார்த்தார்.

இத்தனை வருடம் காத்திருந்தது இப்படிப் போய்விடும் போலிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் அட்டையால் மறைத்த மெஷின் தெரிந்தது. நாலு அடி நடந்தால் போதும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாட்டிலோடு வந்தவர்

கௌரம்மா வரிசையிலிருந்து முன்னால் வந்தார். "அது ஷாயி அல்ல மேடம். பண்ண. கப்பிணக்கே ஹச்சோ பண்ண." மை இல்லை, இரும்புக்குப் பூசுகிற வண்ணம் என்றார். வண்ணத்தில் 'ம்' போனால் வண்ண, அதுதான் பண்ண. அட, இந்த வார்த்தைக்கும் என் சூத்திரம் பொருந்தியிருக்குமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வீட்டில் இருக்கிற பொம்பளை எதற்கு இரும்புக்கு வண்ணம் பூசுகிறாள்?" என்று டீச்சரம்மா கேட்டார். "அதைத்தான் நானும் தினமும் கேட்கிறேன்" என்றார் கௌரம்மா.

ஒரு வழியாக ஒரு யோசனை வந்தது. உண்மையான மை எதில் துடைத்தாலும் போகாது. இது போகிறதா பார்க்கலாம். எதில் போகும் என்று கேட்டார்கள். ஸ்பிரிட்டில் என்றேன். கௌரம்மா வராந்தாவில் நின்று, கேட்டுக்கு வெளியே இருந்த சேகரைக் கூப்பிட்டு, ஓடிப்போய் ஸ்பிரிட் கொண்டுவரச் சொன்னார்.

சேகர் எனக்கு அடிபட்டுவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு ஓடியிருக்கிறார். ஸ்பிரிட், பஞ்சு, கட்டுத்துணி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். கேட்டில் கான்ஸ்டபிள் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். ஓட்டுப் போடுகிற நாளில் பிராந்திக் கடைகூடத் திறப்பதில்லை. ஓர் ஆள் வாடையடிக்கிற பாட்டிலோடு ஓட்டுச்சாவடிக்கு ஓடி வந்தால் போலீஸ் என்ன நினைக்கும்?

"இன்னாத்துக்கு சார் புடிக்கிறீங்க? உள்ள என் சம்சாரத்துக்கு" என்று சேகர் சொன்னது எனக்கு வகுப்பறை வரை கேட்டது. அது கான்ஸ்டபிளின் சந்தேகத்தை இன்னும் கூட்டியிருக்கும். சேகரைக் கேட்டிலேயே பிடித்து வைத்துக்கொண்டு, கௌரம்மாவிடம் பாட்டிலையும் பஞ்சையும் மட்டும் கொடுத்தனுப்பினார்கள்.

எல்லோரும் சுற்றி நிற்க, வலது கையில் பஞ்சைப் பிடித்து இடது விரலைத் தேய்த்தேன். ஊதா வழிந்தது.

"பாருங்க, அழிக்கிறதுக்கு எப்படித் தயாரா வெச்சிருக்காங்க" என்றார் கண்ணாடி ஏஜென்ட்.

போகாவிட்டால் ஓட்டுப் போட்டுவிட்டாள் என்பார்கள், போனால் அழித்துவிட்டாள் என்கிறார்கள். தேய்ப்பதா நிறுத்துவதா என்று எனக்கே தெரியவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தேன். நகம் வெளுத்தது. தோல் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் நின்றுவிட்டது.

டீச்சரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, என் நகத்தின் அடி விளிம்பை வெகு நேரம் பார்த்தார். மை வைத்திருந்தால் அந்த இடத்தில் கறுப்புக் கோடு இருந்திருக்கும். அங்கே ஒன்றும் இல்லை. ஏஜென்டின் பக்கம் திரும்பாமலே குச்சியை எடுத்து, அந்த விளிம்பில் அழுத்தி ஒரு கோடு இழுத்தார்.

"ஹோகம்மா" என்றார். போம்மா.

அட்டைக்குப் பின்னால்

நாலு அடி நடந்து அட்டைக்குப் பின்னால் போனேன். சின்னங்கள் வரிசையாக இருந்தன. என் ஆளின் சின்னத்தைத் தேடி, தப்பாகிவிடக் கூடாதே என்று விரலை அதன்மேல் வைத்து, அப்படியே பக்கவாட்டில் நகர்த்திப் பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. பீப் என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. என் வாழ்க்கையின் முதல் ஓட்டு. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் நின்றது.

கையை எடுத்த பிறகுதான் பார்த்தேன். பஞ்சு பிடித்த வலது கை முழுவதும் ஈரச் சாயம். சின்னத்தின்மேல் என் விரல் ரேகையோடு ஊதா அப்பியிருந்தது. அங்கிருந்து பட்டன் வரைக்கும் ஒரு கோடு வேறு. வாடிக்கையாளருக்குக் குறித்துக் கொடுத்த மாதிரி, இங்கேதான் ஓட்டை போட வேண்டும் என்கிற தெளிவோடு இருந்தது.

அடுத்து ஓட்டுப் போட வருவது கௌரம்மா.

அவர் சொன்ன சின்னம் மேலே எங்கேயோ தும்பைப்பூ மாதிரி வெள்ளையாக இருந்தது. எனக்காக வரிசையை விட்டு வந்து வாதாடியவர். நான் தலையை ஆட்டி ஏமாற்றினேன் என்று அவருக்கு இப்போது தெரிந்துவிடும். புடவைத் தலைப்பால் துடைத்தேன். ஊதா பரவியது. அட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீச்சரம்மா, "ஆய்த்தாம்மா?" என்றார். முடிந்ததா என்கிறார். என் மூளை கலங்கிப் போயிருந்தது.

ஒரு ஓட்டு விழுந்துவிட்டால் அதற்கப்புறம் எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது என்று சேகர் சொல்லியிருந்தார். அதை நம்பி, மேலே இருந்து கீழே வரைக்கும் அத்தனை சின்னத்தின்மேலும் விரலை வைத்து, அத்தனை பட்டன் வரைக்கும் இழுத்து விட்டேன். ஒருவர் பாக்கியில்லை, சுயேச்சைகள் உட்பட. பிறகு கைகளைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தேன்.

கேட்டில் சேகரை விட்டிருந்தார்கள். "இன்னாம்மா ஆச்சு? போட்டியா இல்லியா?" என்றார். போட்டேன் என்று தலையை ஆட்டினேன். உள்ளேயிருந்து எப்போது கூச்சல் கிளம்பும், எப்போது போலீஸ் வந்து கூப்பிடும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

பீப் சத்தம் கேட்டது. கௌரம்மா வெளியே வந்தார்.

நேராக என்னிடம் வந்தார். இடது கையில் புது மை. வலது கையின் சுட்டுவிரல் நுனி ஊதா. அதைக் கண்ணெதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துவைக்கும் கல்லுக்குத் திட்டுகிற முகம் அது இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்து அந்த விரலை மூடிக்கொண்டார்.

"எல்லாருக்கும் ஹச்சிட்டே" என்றார் மெதுவாக. எல்லோருக்கும் பூசிவிட்டாய். "நான் கேளல்ல. நீ ஹேளபேடா."

யாருக்கு என்று நான் கேட்க மாட்டேன், நீயும் சொல்லாதே.